வால் மாட்டும் விளையாட்டு

பூங்கோதை பசுமாட்டின் வாலை வெட்டிவிட்டாள். பழைய காலண்டரில் கிருஷ்ணருக்குப் பின்னால் நின்ற மாடு. கிருஷ்ணரை விட்டுவிட்டு மாட்டை மட்டும் தனியாக எடுக்க, கொம்பைச் சுற்றி, திமிலைச் சுற்றி, முதுகு வழியாகக் கத்தரிக்கோலைப் பதமாக ஓட்டிக்கொண்டு வந்தவளுக்கு வயிற்றில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அசைந்ததா என்று கவனம் உள்ளே போன அந்தக் கணத்தில் கை தன்பாட்டுக்கு நேராகப் போய்விட்டது. வால் ஒரு காய்ந்த புல் மாதிரி மடியில் கிடந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றுமில்லை. குடல் புரண்ட சத்தம். மத்தியானம் தின்ற பாதிச் சோறு உள்ளே இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அந்த அசைவு வேறு மாதிரி இருக்கும். உள்ளங்கையில் மூடிவைத்த வண்டு முட்டுகிற மாதிரி, அதற்கென்று ஒரு திசை இருக்கும். கடைசியாக எப்போது முட்டியது? காலையில் பால் பொங்கி வந்தபோது அடுப்பை அணைக்கக் குனிந்தாள், அப்போது விலாவுக்குக் கீழே ஓர் இடி, "அட, இரு" என்று வாய்விட்டுச் சொல்லக்கூடச் செய்தாள். அது இன்றைக்குக் காலையிலா நேற்றைக்கா? இன்றைக்கும் பால் பொங்கியது, நேற்றும் பொங்கியது. நேற்று தெய்வேந்திரன் வீட்டில் இருந்தான், "யார்ட்ட பேசுற?" என்று கேட்டான். கேட்டானா? கேட்டிருந்தால் அது நேற்று. இன்றைக்கு அவன் விடியலிலேயே பஸ் டிப்போவுக்கு டூட்டிக்குப் போய்விட்டான். அவன் கேட்ட குரல் காதில் இருக்கிற மாதிரியும் இருந்தது, அவளே இப்போது உண்டாக்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது. வாலை எடுத்து மாட்டோடு சேர்த்துவைத்துப் பசை தடவினாள். சற்று மேலே ஏறி ஒட்டிக்கொண்டது. மாடு ஏதோ ஈயை விரட்டுகிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். அவர்களுக்கு அது போதும்.

நாளைக்கு முதல் பாடவேளை தமிழ். இரண்டாம் வகுப்புக்கு உயர்திணை, அஃறிணை. புத்தகத்தில் இருக்கிற மாதிரி கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து இந்தப் பக்கம் மனிதர்கள், அந்தப் பக்கம் மற்றதெல்லாம் என்று எழுதிப்போட்டால் பிள்ளைகள் அழகாகப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடும், வெளியே போய் "நாய் வந்தான் டீச்சர்" என்று சொல்லும். இலக்கணம் கண்ணால் நுழையாது, விரலால்தான் நுழையும் என்பது பூங்கோதையின் எண்ணம். அதற்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையை நாசம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்க அட்டையில் படங்கள். போலீஸ்காரர், காக்கா, பூக்காரம்மா, ரயில், வாழைமரம், பாட்டுப் பாடுகிற பெண், ஆட்டுக்குட்டிகள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் கொட்டை எழுத்தில் 'வந்' என்று மட்டும். மீதியைத் துணிக்குப் போடுகிற கிளிப்புகளில் எழுதியிருக்கிறாள். ஒரு கிளிப்பில் 'தான்', ஒன்றில் 'தாள்', 'தார்', 'தது', 'தன'. இலக்கணத்தில் விகுதி என்று பெயர், அவள் வகுப்பில் வால். பிள்ளை படத்தை எடுத்து, எந்த வால் பொருந்தும் என்று பார்த்து, கிளிப்பை அமுக்கி மாட்ட வேண்டும். காக்கா வந், தது. பூக்காரம்மா வந், தார். அமுக்குகிற அமுக்கில் விரலுக்குப் பலம் ஏறும், பென்சில் பிடிக்கத் தோதாகும். மாட்டிய பிறகு படம் உயர்திணையின் மஞ்சள் பெட்டிக்கா, அஃறிணையின் பச்சைப் பெட்டிக்கா என்று பிரித்துப் போட வேண்டும். இரண்டும் செருப்பு வாங்கிய பெட்டிகள்தான், வண்ணத்தாள் ஒட்டியதும் கௌரவமாக ஆகிவிட்டன. அழகர் கட்டாயம் ஒரு கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொள்வான். மாட்டிக்கொள்ளட்டும். தர்ஷினி இருக்கிறாளே, அவள்தான் கஷ்டம். தினமும் வாசலில் காவல் நின்று, பூங்கோதையின் தலை தெரிந்ததும், "ஏய், டீச்சர் வந்துருச்சு!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவாள். டீச்சர் வந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "சரி டீச்சர்" என்பாள், உடனே திரும்பி, "டீச்சர் அப்படிச் சொல்லக் கூடாதுன்னு சொல்லுச்சு" என்பாள். அதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? அம்மா வந்துச்சு, அக்கா குடுத்துச்சு, டீச்சர் அடிச்சுச்சு. ஆசையாக இருக்கிறவர்களுக்கெல்லாம் அந்தப் பிள்ளை 'அது' போடுகிறது. பாருங்கள், இவளும்தான் போடுகிறாள், அந்தப் பிள்ளை போடுகிறது என்று. பூங்கோதை சின்னதாகச் சிரித்தாள். சிரிப்பு வயிற்றைக் குலுக்கியது, குலுங்கிய வயிறு அப்படியே அடங்கியது, மறுபக்கத்திலிருந்து பதில் வரவில்லை. எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு சர்க்கரையை அள்ளிப்போட்டுக் குடித்தாள். இனிப்பு உள்ளே போனால் எழுந்துவிடும் என்று ஆஸ்பத்திரி சிஸ்டர் சொல்லியிருக்கிறார். இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். படுக்கவில்லை. படுத்தால் கவனிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து எடுத்தது குழந்தைப் படம். சோப்பு டப்பா அட்டையில் இருந்தது, நல்ல கொழுகொழு குழந்தை, துண்டைப் போர்த்திக்கொண்டு வாயைத் திறந்து சிரிக்கிறது. வெட்டுவதற்கு எளிதாக இருக்கும் என்று காலையிலேயே எடுத்துவைத்து, பிறகு பிறகு என்று அடியில் தள்ளிக்கொண்டே வந்தாள். இதற்கு எந்த வால்? குழந்தை வந்தது. எந்தப் பெட்டி? பயிற்சிப் பள்ளியில் அருளப்பன் சார் இதை மணிக்கணக்காக விளக்கினார், சொல்லால் அஃறிணை, பொருளால் உயர்திணை என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். பின்வரிசையில் இருந்து யாரோ, "அப்ப அது எப்ப சார் மனுசனாகும்?" என்று கேட்டு வகுப்பே சிரித்தது, பூங்கோதையும் சிரித்தாள். பெயர் வைத்தால் ஆகும் என்று சார் சொன்னார். முருகன் என்று பெயர் வைத்துவிட்டால் முருகன் வந்தான். அதுவரைக்கும் குழந்தை வந்தது. அன்றைக்கு அது எவ்வளவு சுலபமான பதிலாக இருந்தது. பெயர் வைக்காமல் போன குழந்தைக்கு என்ன வால் என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, ஏன் தோன்றப்போகிறது, எல்லோருக்கும் பத்தொன்பது இருபது வயது, வெளியே புளியமரத்தடியில் ஐஸ்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார். போன தடவையும் இதே மாதம். வளைகாப்பு நடந்து கை நிறைய வளையலோடு அலைந்த நாட்கள். கையை அசைத்தால் சத்தம், அந்தச் சத்தம் உள்ளே கேட்குமாம், அதனால் வேண்டுமென்றே அசைப்பாள். ஒரு நாள் வளையல் மட்டும் சத்தம் போட்டது. மாமியார், "தூங்குதும்மா, புள்ள உள்ள என்ன வேலையா பாக்குது, தூங்கத்தான செய்யும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அன்றைக்கும் மறுநாளும் தூங்கியது. பிறகு ஆஸ்பத்திரியில், வயிற்றில் துடிப்பு கேட்கும் கருவியை வைத்த சிஸ்டர் அதை நகர்த்தி நகர்த்தி, ஒன்றும் சொல்லாமல், "கொஞ்சம் இருங்கம்மா" என்று வெளியே போனார். அந்தக் கொஞ்சம்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூட அவளுக்கு ஏதோ வேலை மாதிரி ஞாபகம் இருக்கிறது, வலியும் மருந்தும் கட்டிலும். வெளியே போன சிஸ்டர் திரும்பி வராமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் இன்னும் முடியாமல் நின்றுகொண்டிருக்கிறது. மாமியாரின் பழைய புடவையில் சுற்றிக் காட்டினார்கள். இமை முடி இருந்தது. அவ்வளவு சின்ன முகத்தில் ஒவ்வொன்றாக நட்டுவைத்த மாதிரி இமை முடி. பெண். "அது நமக்குத் தங்கல, விடு" என்றார்கள் வந்தவர்கள் எல்லோரும். அது தங்கல. அது போயிருச்சு. அதை நினைச்சு ஒடம்பக் கெடுத்துக்காத. எல்லோரும் சரியான வாலைத்தான் மாட்டினார்கள், இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. பூங்கோதை மட்டும் மனசுக்குள் அவள் என்றே சொல்லிக்கொண்டாள். யாரிடமும் வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே சொன்னாள். தெய்வேந்திரனும் அவன் அப்பாவும் எங்கேயோ கொண்டுபோய்விட்டு ஈரத் தலையோடு திரும்பி வந்தார்கள். எங்கே என்று இவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

செல்போன் அடித்தது. தெய்வேந்திரன்தான். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல், யாரோ "பெரியகுளம், தேனி" என்று கூவுகிற சத்தம்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"என்ன பண்ற?"

"பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்றேன். நாளைக்கு வேணும்."

"குனிஞ்சே உக்காந்திருக்காத. புள்ள என்ன பண்ணுது?"

சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. அவன் இப்போது வத்தலக்குண்டில் நிற்கிறான், தோளில் கண்டக்டர் பை, பஸ் நிறைய ஜனம். சொன்னால் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவையே இதற்கு முன்னாலும் பயந்து அடித்துப்பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள், ஒன்றுக்கு இரண்டு தடவை, போய்ப் படுத்த உடனே உள்ளே இருந்து உதை விழும், டாக்டரம்மா சிரிப்பார், இவன் திரும்பி வரும்போது வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு, "மனசப் போட்டு ஒழப்பாத கோதை" என்பான். கோபமில்லாமல்தான் சொல்வான். அதனால்தான் கஷ்டம்.

"தூங்குது" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று உறைத்தது. அவன் சரி சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவள் போனைக் கவிழ்த்துவைத்தாள். நாக்கில் சர்க்கரை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எதற்கு அந்தச் சொல்? வேறு எத்தனை சொல் இருக்கிறது. நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம், விளையாடுது என்று சொல்லியிருக்கலாம், எல்லாம் பொய்தான், ஆனாலும் வேறு பொய். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன? ஆட்டோ பிடித்தால் மார்க்கெட் தாண்டிப் போய்விடலாம். போகலாம். இந்த ஆட்டுக்குட்டிகளை முடித்துவிட்டுப் போகலாம். ஆட்டுக்குட்டிகள் வந், தன. போய்விட்டால் தெரிந்துவிடும். போகாத வரைக்கும் அது தூங்கிக்கொண்டே இருக்கும், யாரும் வந்து இல்லை என்று சொல்ல முடியாது, கொஞ்சம் இருங்கம்மா என்று சொல்லிவிட்டு யாரும் வெளியே போக முடியாது. அவள் இந்தப் பாயில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டே இருக்கிற வரைக்கும், வெட்ட இன்னும் படம் இருக்கிற வரைக்கும், இந்த மத்தியானம் முடியாது. பயந்தவர்கள் ஓடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பூங்கோதைக்கு இப்போதுதான் தெரிந்தது, உண்மையாகவே பயந்துவிட்டால் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆட்டுக்குட்டியின் காதை வளைத்து வளைத்து வெட்டிக்கொண்டிருப்பார்கள். மின்விசிறி சுற்றிச் சுற்றிக் காகித ஓரங்களைத் தூக்கியது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது. அந்தச் சத்தத்துக்காவது திடுக்கிட்டிருக்க வேண்டாமா? வயிற்றில் விரலை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினாள், கதவைத் தட்டுகிற மாதிரி. பிறகு கொஞ்சம் பலமாக. பலமாக அமுக்கிவிட்டோமோ என்று கையை எடுத்துக்கொண்டாள். எப்போது எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் நேற்று அசைந்ததுகூட மறந்துபோய்விடும் போல இருந்தது. ஒருவேளை முந்தாநாள்தானோ. இல்லை, நேற்று இரவு அவன் முதுகைத் தேய்த்துவிட்டபோது அசைந்தது, அது நிச்சயம். நிச்சயமா? அவன், "பாரு, எங்கையத் தெரியுது அதுக்கு" என்றான். சொன்னான். அதைச் சொன்னதில் சந்தேகமில்லை. அப்படியானால் நேற்று இரவு. அதற்குப் பிறகு ஒரு முழு இராத்திரியும் ஒரு காலையும் ஒரு மத்தியானமும். அவள் கூட்டிப் பார்க்காமல் மார்க்கரின் மூடியைத் திறந்தாள். இன்னும் ஒரு 'தாள்' எழுத வேண்டும். எழுதினாள். தா நன்றாக வந்தது, ள் வளைந்து போய்க் கிளிப்பின் விளிம்பில் தடுக்கிக் கோணலாயிற்று. விரலால் துடைத்தாள். துடைத்ததில் கறுப்பாக ஒரு தீற்றல்தான் மிஞ்சியது, கீழே என்ன எழுத்து இருந்தது என்றே தெரியவில்லை.

"டீச்சர்! டீச்சரம்மா!" படியில் யாரோ ஏறி வந்தார்கள். கீழ்வீட்டு ஜெபராணி அக்கா, வீட்டுக்காரம்மா. கைநிறைய ஈரமும் மண்ணுமாகத் துணிகள். மூச்சு வாங்க வாசலில் நின்றார். "மாடிக் கொடியில ஒரு கிளிப் இல்ல டீச்சர். துணியெல்லாம் பறந்து போச்சு. என் நைட்டி பின்வீட்டுப் பைப் வேலைக்காரர் முருங்கையில தொங்குது, அந்த மனுசன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? எவன் எடுத்திருப்பான், கிளிப்பக் கூடவா களவாங்குவாங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர் பாயைப் பார்த்தார். பாய் முழுக்கக் கிளிப். ஊதா, சிவப்பு, பச்சை. ஒவ்வொன்றிலும் எழுத்து.

"அக்கா," என்றாள் பூங்கோதை. "எங்க கிளிப்பு மட்டும்தான் எடுத்தேன்னு நெனச்சேன்."

"எல்லாம் உங்ககிட்டதான் இருக்குங்கிறதச் சொல்ல இப்படி ஒரு வழியா?" ஜெபராணி அக்கா துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்துக் காலை நீட்டி உட்கார்ந்தார். "சரி, என் நைட்டிய முருங்கைக்குக் குடுத்துட்டு என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க. எனக்கும் சொல்லிக் குடுங்க, பாப்போம்."

பூங்கோதை சொன்னாள். வகுப்பில் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது, ஏதோ ஒன்று கையைப் பிடித்து நடத்துகிற மாதிரி இருந்தது. ஜெபராணி அக்கா கண்ணாடியைச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு காக்காவுக்குச் சரியாக மாட்டினார், போலீஸ்காரருக்கு 'தான்' மாட்டி, "யூனிபாரம் போட்ருக்கான், சரி, தார்னே வச்சுக்கிருவோம்" என்று மாற்றினார். ரயிலை எடுத்து வைத்தார். அப்புறம் குழந்தைப் படத்தை எடுத்தார். "ஏயப்பா, செல்லம்!" என்று அதன் கன்னத்தில் விரலை வைத்தார். "புள்ள வந்துச்சு. அப்ப இது." 'தது'வை அமுக்கி மாட்டிவிட்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவில் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, "எதுல போட டீச்சர்?" என்று கேட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, புள்ள அசையல" என்றாள் பூங்கோதை.

அவ்வளவு சாதாரணமாக வந்துவிட்டது. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. கையில் இருந்த மார்க்கர் பாயில் கோடு இழுத்துக்கொண்டு உருண்டது.

ஜெபராணி அக்கா படத்தைக் கீழே வைத்தார். "எப்ப இருந்து?"

"தெரியல. ராத்திரி அசஞ்சது. காலைலன்னு நெனச்சேன், அது நேத்தோ என்னவோ. தெரியலக்கா, எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது."

"மாப்ளைட்ட சொன்னீங்களா?"

"தூங்குதுன்னு சொன்னேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஒன்றுமிருக்காது, பயப்படாதே என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் பூங்கோதை பாயைவிட்டு எழுந்திருக்க மாட்டாள். அக்கா எழுந்து, கொடியிலிருந்து பறந்த துணிகளில் அதற்குள் உலர்ந்திருந்த ஒரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கையை நீட்டினார். "எந்திரிங்க. செருப்பப் போடுங்க. வயித்தப் பிடிச்சுக்கிட்டு மெல்லப் படியிறங்குங்க, நான் முன்னால போறேன்."

ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் வயிற்றைக் கையால் தாங்கினாள். தாங்குவதா வேண்டாமா என்று அதற்கும் ஒரு யோசனை, குலுங்கினால் விழித்துக்கொள்ளுமோ என்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பூட்டுக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன, பிரியாணிக் கடை முன்னால் கூட்டம், யாரோ சிரித்துக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். இவர்கள் எல்லோரும் எப்படி இவ்வளவு சாதாரணமாக நடந்துபோகிறார்கள் என்று கோபமாக வந்தது. போன தடவையும் இந்தச் சாலைதான். போன தடவை மழை. போன தடவை என்று நினைக்கக் கூடாது. நாளைக்கு விளையாட்டை அறிமுகப்படுத்தும்போது முதலில் எதைக் காட்டுவது, காக்காவையா, ரயிலையா? தர்ஷினி 'டீச்சர் வரல' என்று வாசலில் நின்று கத்துவாள். வரல என்பதற்கு வாலே கிடையாது, அவன் வரல, அவ வரல, அது வரல, எல்லாம் ஒரே வரலதான், இல்லாமல் போவதற்கு எல்லோரும் ஒன்றுதான், இது ஏன் இத்தனை வருஷத்தில் தோன்றவில்லை, இதை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுப்பது. ஜெபராணி அக்கா பக்கத்தில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா... ஆமா தம்பி... நான் கூட இருக்கேன். இந்தாங்க, குடுக்குறேன்" என்று போனை அவள் காதில் வைத்தார்.

"கோதை." இரைச்சல் எதுவும் இல்லை. எங்கேயோ ஓரமாக ஒதுங்கி நிற்கிறான் போல. அவன் மூச்சு கேட்டது. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க பஸ்ல இருந்தீங்க."

"பஸ் கெடக்குது. ஆள மாத்தி விடச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்." பிறகு, அவளிடம் பேசுகிற மாதிரி இல்லாமல், வேறு யாரிடமோ கெஞ்சுகிற மாதிரி, "அவ போன மாதிரி இதுவும் போயிராது கோதை. போகாது. அவள நான் கையில தூக்கிட்டுப் போனேன்ல, அந்தக் கனம் இன்னும் இருக்கு எனக்கு. இன்னொரு தடவ என்னால முடியாது" என்றான்.

அவ. பூங்கோதை போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ சிக்னலில் நின்றது, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். இத்தனை வருஷமாக ஒரே கட்டிலில் படுத்து எழுந்து, ஒரே தட்டில் முறுக்கு தின்று, ஊர்ச் செய்தி எல்லாம் பேசி, ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேரும் அவளை அவள் என்றே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒருவர் மற்றவருக்குக் கேட்காமல். பூங்கோதைக்கு எங்கே என்று கேட்க வேண்டும் போல இருந்தது. எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்? இப்போதே கேட்க வேண்டும் போல, அதைக் கேட்காமல் ஆட்டோவை விட்டு இறங்க முடியாது போல இருந்தது. "இமை முடி பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாத்தேன்" என்றான் தெய்வேந்திரன். உடனே சொன்னான்.

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் பெஞ்சு நிறையப் பெண்கள். ஜெபராணி அக்கா யாரிடம் என்ன சொன்னாரோ, வழி விட்டார்கள். டூட்டி சிஸ்டர் நடுவயதுக்காரர், கழுத்தில் மெல்லிய செயின், எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்த பாதியில் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். படுங்கம்மா. சேலையைத் தளர்த்துங்க. கூழ் மாதிரி எதையோ வயிற்றில் பூசினார், குளிர்ந்தது, அந்தக் குளிருக்காவது, என்று நினைத்தாள். கருவியை வைத்தார். கரகரவென்று சத்தம், ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி. தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் நகர்த்தினார். கரகர. வலப்பக்கம். சிஸ்டர் ஒன்றும் பேசவில்லை. பூங்கோதை அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்தாள், சுவரில் ஏதோ தடுப்பூசிப் படம், ஒரு தாய், ஒரு குழந்தை, வெட்டி எடுக்க வசதியான படம், ஓரங்கள் தெளிவாக இருக்கின்றன, கத்தரி இங்கே தொடங்கினால் தோள் வழியாக இப்படி வந்து, கை விரலுக்கிடையே மட்டும் பார்த்துப் போக வேண்டும், பார்த்துத்தான் போக வேண்டும், வெளியே போகாதீர்கள் சிஸ்டர், என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், இங்கேயே நின்று சொல்லுங்கள். சிஸ்டர் கருவியை எடுத்தார். இன்னும் கொஞ்சம் கூழ் வைத்தார். "கொஞ்சம்" என்றார். பூங்கோதையின் கை தானாகப் போய் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. "கொஞ்சம் அந்தப் பக்கம் சாஞ்சு படுங்கன்னு சொல்ல வந்தேன்" என்றார் சிஸ்டர். சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை, அந்தக் கை பிடித்திருக்க, மறுகையால் கருவியை விலாவுக்குக் கீழே, ஓரமாக, யாரும் தேடாத ஓர் இடத்தில் அழுத்தி வைத்தார்.

ஈரத் துணியை யாரோ கல்லில் அவசர அவசரமாகத் துவைக்கிற சத்தம். விடாமல், மூச்சுவிடாமல், ஒன்றின் மேல் ஒன்றாக.

"கேக்குதா?" என்றார் சிஸ்டர். "நல்லா ஓடுது. புள்ள அந்தப் பக்கமாத் திரும்பி முதுகக் காட்டிக்கிட்டு இருக்கு. நஞ்சுக்கொடி வேற முன்னால இருக்குன்னு போட்ருக்கு, அசஞ்சாலும் உங்களுக்கு அவ்வளவாத் தெரியாது. டாக்டர் வந்து ஒரு தடவ ஸ்கேன்ல பாத்துரட்டும். ஆனா இப்படி சந்தேகம் வந்தா வீட்ல உக்காந்து இருக்காதீங்கம்மா, உடனே வந்துரணும். ஒன்னுமில்லாம வந்தாலும் பரவால்ல. வந்துரணும்." கருவியை அணைத்து, பஞ்சால் வயிற்றைத் துடைக்கத் தொடங்கினார்.

சத்தம் நின்றது. அறை மறுபடி வெறும் அறையாயிற்று. வாசல் திரைக்கு அப்பால் யாரோ இருமினார்கள், ஜெபராணி அக்கா, "நல்லாருக்காம் தம்பி, நல்லாருக்காம், மெல்ல வாங்க" என்று போனில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பூங்கோதைக்கு மட்டும் இன்னும் போதவில்லை. இப்போது கேட்டது சற்றுமுன் கேட்டதாகிவிட்டது, சற்றுமுன் என்பது எவ்வளவு சீக்கிரம் காலையாகி நேற்றாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"சிஸ்டர்," என்றாள். "இன்னொரு தடவ வைங்க."

சிஸ்டர் பஞ்சோடு நின்று அவளைப் பார்த்தார். திரைப்பக்கம் பார்த்தார், பெஞ்சில் காத்திருக்கிற கால்கள் தெரிந்தன. பிறகு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார், வேறு வேலை எதுவும் இல்லாதவர் மாதிரி. "எவ்வளவு நேரம் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

பூங்கோதை சேலையை மறுபடி தளர்த்தப் போனாள். அதற்குள் சிஸ்டர் கருவியை அதே இடத்தில் வைத்துவிட்டார்.